நாலு லெக்கானும் ஒரு தெருச் சண்டையும்!

'ஈ.இ.இ. தேர்ட் இயர் படிக்கிற பொண்ணு கோழி மேய்க்கிறா!' - எங்க கிளாஸ்ல இதுதான் என்னோட அடையாளம். என்னைப் பார்த்தாலே ஹாஸ்டல் பசங்க 'கொக்கரக்கோ' ரிங்டோன் போடுவாங்க. சிரிக்கிறவங்க சிரிச்சுக்கட்டும். ஆனா, முழுசாப் படிச்சுட்டுச் சிரிங்க. ஏன்னா, இதுல நான் நடுத்தெருவுல தலை குனிஞ்சு நின்ன இடமும் இருக்கு.

எனக்கு ஊர் திண்டிவனம். டவுன் இல்லை... மயிலம் போற பக்கம், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு தெரு. படிப்பு விழுப்புரத்தில். தினமும் பாசஞ்சர் வண்டி. மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், விழுப்புரம்னு தூக்கத்துல கேட்டாலும் ஒப்பிப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் எனக்கு வீடு.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொங்கல் முடிஞ்சு ரெண்டு வாரம் இருக்கும். தெரு முனையில ஸ்பீக்கர் சத்தம். 'லெக்கான் கோழி... லெக்கான் கோழி... மூணு கோழி இருநூத்தம்பது ரூபா... வாங்கம்மா... வாங்க!' நம்ம பக்கம் இந்த டெம்போவைப் பார்க்காதவங்க இருக்க முடியாது. பின்னால கம்பிக் கூண்டுகளை அடுக்கி, உள்ளே வெள்ளை வெள்ளையா கோழிங்க. கழுத்துல பாதி இறகு இருக்காது. கொண்டை வெளுத்துப்போய் ஒரு பக்கமா சாய்ஞ்சு கிடக்கும்.

பண்ணையில முட்டை போட்டு முடிச்ச கோழிங்க அதெல்லாம். பண்ணைக்காரங்க பாஷையில் கழிவுக்கோழி.

அத்தை குடும்பம் சாப்பிட வர்றாங்கன்னு எங்க ஆயா கிளம்பிப் போச்சு. பேரம் பேசறதுல ஆயாவை அடிச்சுக்க ஆளே கிடையாது. நாலு கோழி முந்நூறு ரூபாய்! காலைக் கட்டித் தலைகீழாத் தொங்க விட்டுக்கிட்டு வந்துச்சு. அதுக்குள்ளே அத்தைகிட்டேருந்து போன். மாமாவுக்குக் காய்ச்சலாம், அடுத்த வாரம் வர்றாங்களாம். அவ்வளவுதான்... நாலும் கட்டை அவிழ்த்து, பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுகிட்ட விடப்பட்டுச்சு.

மறுநாள் காலையில் நான் டிரெயினுக்கு அவசரமா பல் தேய்க்கப் போறேன்... துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல ஈரத் தரையில் ஒரு வெள்ளை முட்டை!

ஆயா அதை எடுத்து முந்தானையில் துடைச்சுது. திருப்பித் திருப்பிப் பார்த்துச்சு. "முட்ட வுடுற கோழிய எவடி அறுப்பா?"

ஆக, அந்த நாலு கோழிங்களும் பிழைச்சதுக்குக் காரணம் என்னோட கருணை உள்ளமெல்லாம் இல்லை. ஆயாவோட கணக்கு!

அன்னைக்கு டிரெயினில் உட்கார்ந்து யோசிச்சேன். முட்டை போடுற கோழியை எதுக்குப் பண்ணையில கழிச்சு விடறாங்க? போனில் தேடினேன். கால்நடைக் கல்லூரியில் படிக்கிற ஸ்கூல் ஃப்ரெண்டைத் தொந்தரவு பண்ணினேன். கடைசியில் அதுவும் ஒரு கணக்குதான்.

நம்ம ஊர் முட்டைப் பண்ணைகளில் அதிகமா இருக்குறது பி.வி.-300 மாதிரியான ஒயிட் லெக்ஹார்ன் வகைகள் (அதுதான் வாய்மொழியில் லெக்கான் ஆயிடுச்சு. இத்தாலியில் இருக்குற லிவோர்னோ துறைமுகத்தோட பேர் திண்டிவனம் வந்து சேர்றதுக்குள்ளே இப்படித் தேய்ஞ்சு போச்சு). சுமார் 19 வாரத்துல முட்டை போட ஆரம்பிக்கும். உச்சத்துல இருக்கும்போது நூறு கோழிக்கு தொண்ணூறு முட்டைக்கு மேலே வரும். 72 வாரத்துக்குள்ளே ஒரே கோழி 300 முட்டைக்கு மேல போட்டுடும். காட்டுல இருக்குற அதோட மூதாதையான செங்காட்டுக்கோழி வருஷத்துக்கு ஒரு பத்து, பதினஞ்சு முட்டைதான் போடும்... அப்படின்னா பார்த்துக்கோங்க!

ஒரு கோழி தினமும் சுமார் 110 கிராம் தீவனம் சாப்பிடும். ஐம்பதாயிரம் கோழி இருக்குற பண்ணைன்னா ஒரு நாளைக்கு அஞ்சரை டன். நூத்துக்குத் தொண்ணூறு முட்டை வந்தாலும் அஞ்சரை டன்தான், எழுபது வந்தாலும் அஞ்சரை டன்தான். வயசாக ஆக ஓடும் மெலிசாகி, உடையற முட்டை அதிகமாகும். ஒரு கட்டத்துல தீவனச் செலவு முட்டை விலையைத் தாண்டிடும். அந்த வாரத்துல மொத்தக் கொட்டகையையும் காலி பண்ணிட்டு புதுசா இறக்குவாங்க. 72 வாரம்தான் பழைய கணக்கு. இப்போ 80 வாரம், அதுக்கு மேலேயும் வெச்சிருக்காங்க. பண்ணைக்காரரைக் கெட்டவர்னு சொல்ல எனக்கு வாய் வரலை. எங்க டிபார்ட்மென்ட்ல டிரான்ஸ்ஃபார்மருக்கு எஃபிஷியன்சி கணக்குப் போடறதும் இப்படித்தான்.

இன்னொரு விஷயமும் அந்த டிரெயினில்தான் உறைச்சுது. நான் படிச்சது கவர்மென்ட் ஸ்கூல். சத்துணவுல 1989-ல ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டைன்னு ஆரம்பிச்சது, 2010-ல் வாரத்துக்கு அஞ்சுன்னு ஆச்சு. நான் ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்தது அதுக்கு அப்புறம். ஆக, எட்டாவது வரைக்கும் ஸ்கூல் இருந்த நாளெல்லாம் ஒரு முட்டை சாப்பிட்டிருக்கேன். அதைப் போட்ட கோழி எப்படி இருக்கும்னு ஒருநாளும் யோசிச்சதில்லை. தட்டுல முட்டையைப் பார்த்தா, நாட்டுக்கோழிதான் மனசுக்குள்ளே வரும்!

சாயந்திரம் வீட்டுக்கு வந்து பார்த்தா, நாலும் காலையில நின்ன இடத்துலேயே நிக்குதுங்க.

நிஜமாத்தான். கட்டுக் கிடையாது, கூண்டு கிடையாது. ஆனாலும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, ஒரு பாய் அகலத்துக்குள்ளேயே நிக்குதுங்க. கம்பு போட்டேன், கொத்தத் தெரியலை. மண்ணுல கிடக்குற தானியத்தைப் பொறுக்க கூர்மையான அலகு வேணும். பண்ணையில குஞ்சாக இருக்கும்போதே அலகு நுனியை வெட்டிடுவாங்க, ஒண்ணை ஒண்ணு கொத்திக்கக் கூடாதுன்னு. ஆழமான கிண்ணத்துல குவிச்சு வெச்சதும்தான் சாப்பிட்டுச்சு.

தண்ணி விஷயம் அதைவிடக் கொடுமை. பாத்திரம் நிறைய தண்ணி இருக்கு. குடிக்கலை. வெயில் கொளுத்துது, வாயைத் திறந்து மூச்சு வாங்குது... அப்பவும் குடிக்கலை. திடீர்னு ஒண்ணு போய், ஒழுகிட்டிருந்த குழாய் வாயில் தொங்குற சொட்டைக் கொத்துச்சு. எனக்கு அப்பத்தான் 'பல்பு' எரிஞ்சுது. பண்ணையில நிப்பிள் வெச்ச பைப்புல கொத்தித்தான் தண்ணி குடிச்சுப் பழக்கம். பாத்திரத்துல இருக்குறது தண்ணின்னே அதுக்குத் தெரியாது! ரெண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் மூடியில் ஓட்டை போட்டு, சொட்டுச் சொட்டா விழுற மாதிரி வேலியில் கட்டினேன். கீழே பாத்திரம் வெச்சேன். சொட்டைக் கொத்திக் கொத்தி, ரெண்டு நாளில் பாத்திரத்துக்கும் வந்துடுச்சு. மூணு வருஷ இன்ஜினீயரிங்கில் நான் உருப்படியாச் செஞ்ச முதல் புராஜெக்ட் அது.

பேர் வெச்சது நான்தான். வோல்ட், ஆம்பியர், ஓம், வாட்! ஆம்பியர் ஆயா வாயில 'அம்பி'யாயிட்டா. ஓம்னு நான் கூப்பிட்டா ஆயா கன்னத்துல போட்டுக்கும்.

இருட்டினதும் நம்ம வீட்டுக் கோழி தானா கூட்டுக்குள்ளே போகும்ல? இதுங்க போகாது. பண்ணையில ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வெளிச்சம் கொடுப்பாங்க, முட்டைக்காக. லைட் அணைஞ்சா நின்ன இடத்துலேயே உட்கார வேண்டியதுதான். அதனால தினமும் ஏழு மணிக்கு ஒவ்வொண்ணாத் தூக்கிக் கொண்டுபோய் கூடைக்குள்ளே வைக்கிறது என் வேலை. தூக்கும்போது தெரியும்... வெறும் எலும்பு. நெஞ்செலும்பு கத்தி மாதிரி கையில் குத்தும். ஒரு முட்டை ஓட்டுக்கு ரெண்டு கிராம் போல சுண்ணாம்புச் சத்து போகுது. முந்நூறு முட்டைக்குக் கணக்குப் போட்டுக்கோங்க. தீவனத்துல கொடுக்கறது போதாதப்போ எலும்புலேருந்துதான் எடுக்கும். கிளிஞ்சலை இடிச்சு வைக்கச் சொன்னாங்க, வெச்சேன். மல்லாட்டைப் புண்ணாக்கு கொஞ்சம் ஊறவெச்சுக் கொடுத்தேன். (திண்டிவனத்துல வேர்க்கடலைன்னு சொன்னா வெளியூர்க்காரங்கன்னு கண்டுபிடிச்சுடுவாங்க!) பூசணம் பிடிச்ச புண்ணாக்கு மட்டும் கூடவே கூடாது. கோழிக்கு ஈரல் போயிடும்.

அஞ்சாவது நாளோ ஆறாவது நாளோ... வோல்ட் முருங்கை மரத்தடியில் போய்ப் படுத்துட்டா. ஒரு பக்கமாச் சாய்ஞ்சு, காலை உதைச்சு, இறக்கையை அடிச்சு, மண்ணையெல்லாம் மேலே வாரிப் போட்டுக்கறா. எனக்கு வயிறு கலங்கிடுச்சு. வலிப்புன்னு நினைச்சு "ஆயா..."ன்னு கத்திட்டேன். ஆயா வந்து பார்த்துட்டுச் சிரிச்சுச்சு. "மண்ணு குளிக்குதுடி. கோயின்னா குளிக்காதா?"

ஒன்றரை வயசு வரைக்கும் கம்பித் தரையிலேயே நின்ன கோழி அது. மண்ணை மிதிச்சதே கிடையாது. அம்மாக்காரியைப் பார்த்தும் கத்துக்கலை, இன்குபேட்டரில் பொரிச்ச குஞ்சு. யாருமே சொல்லித்தராம அது குளிச்சுது. நான் அன்னைக்குக் காலேஜுக்கு லேட். இன்டர்னல்ஸ் வேற. பரவாயில்லைன்னு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

காலேஜில் ரெண்டு பேர் கேட்ட கேள்வியையும் சொல்லிடறேன். "நீ சிக்கன் பிரியாணி சாப்பிடறே... இங்கே கோழிக்கு பேர் வேற வெக்கிறே... என்ன நடிப்பு?" நான் சைவம் இல்லை. அதுக்கு என்கிட்ட பதிலும் இல்லை. அந்த நாலையும் சாப்பிட முடியலைங்கறது மட்டும் தெரியும்.

தேடும்போது ஒரு விஷயம் கிடைச்சுது. இங்கிலாந்துல 2005-ல் ஜேன் ஹோவர்த்னு ஒரு அம்மா, இந்த மாதிரி கழிச்சுவிடுற கோழிகளுக்கு வீடு தேடித் தர்றதுக்காகவே ஒரு டிரஸ்ட் ஆரம்பிச்சாங்க. இப்போ பேர் பிரிட்டிஷ் ஹென் வெல்ஃபேர் டிரஸ்ட். இதுவரை பத்து லட்சம் கோழிகளுக்கு மேல வீடு பிடிச்சுக் கொடுத்திருக்காங்க. பண்ணைக்காரங்களோட சண்டை போடலை. அவங்களோட பேசி, கொட்டகை காலியாகுற அன்னைக்குத் தன்னார்வலர்கள் போய் எடுத்துட்டு வர்றாங்க. வேணுங்கறவங்க முன்கூட்டியே சொல்லி வெச்சு, பெட்டியோட வந்து வாங்கிட்டுப் போறாங்க. ஐரோப்பிய யூனியன்ல 2012-லிருந்து பழைய மாதிரி வெறுங்கம்பிக் கூண்டுக்கே தடை. நம்ம ஊருலயும் பேச்சு இல்லாமல் இல்லை. 2017-ல் சட்ட கமிஷன் இதைப் பத்தி ஒரு அறிக்கையே கொடுத்துச்சு. 2023-ல் மத்திய அரசு முட்டைக்கோழிகளுக்குன்னு தனி விதிகள் போட்டுது. கூண்டு ஒழியலை. ஆனா ஒரு கோழிக்குக் குறைஞ்சது 550 சதுர சென்டிமீட்டர் இடம் தரணும், பழைய பண்ணைகளுக்கு 2030 ஜனவரி வரை டைம். ரெக்கார்ட் நோட்டுக்குப் பக்கத்துல வெச்சு நான் கணக்குப் போட்டேன். நம்ம ஏ4 ஷீட்டே 623 சதுர சென்டிமீட்டர். சட்டம் தர்ற இடம் அதைவிடச் சின்னது!

'நம்ம ஊருலயும் இப்படி ஒரு டிரஸ்ட் ஆரம்பிச்சா என்ன?' - முண்டியம்பாக்கம் ஸ்டேஷன் வர்றதுக்குள்ளே எனக்கு அந்த ஆசையும் வந்துடுச்சு. லோகோ கூட வரைஞ்சேன்.

டெம்போக்கார அண்ணன்தான் அந்த லோகோவைக் கிழிச்சார். அடுத்த தடவை அவர் வந்தப்போ, "கோழியெல்லாம் நல்லா இருக்குண்ணே"ன்னு பெருமையாச் சொன்னேன். அவர் ஒரு மாதிரியாப் பார்த்தார். "நீ நாலு வெச்சுக்கினா இன்னாம்மா ஆவப்போவுது? வண்டியில எரநூறு கெடக்கு. சாயங்காலத்துக்குள்ள வித்தாத்தான் எனக்கு டீசல் காசு." நாமக்கல் பக்கத்துலேருந்து லாரியில வந்து, இங்கே டெம்போவுக்கு மாறுமாம். வழியில செத்தது அவர் கணக்குல நஷ்டம்.

யோசிச்சுப் பார்த்தா, இங்கிலாந்துல இந்தக் கோழிக்கு விலையே இல்லாத மாதிரிதான். அதனால பண்ணைக்காரர் கொடுத்துடறார். நம்ம ஊருல தினமும் பேப்பரில் முட்டை விலைக்குப் பக்கத்துலேயே முட்டைக்கோழி கிலோ என்ன விலைன்னு போடறாங்க. அது ஒரு சரக்கு. அதை நம்பி டெம்போ ஓடுது. கறிக்கோழி வாங்க முடியாத வீட்டுல அதுதான் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு. குக்கர்ல பத்து விசில் விட்டாலும் வேகாதுங்கறது வேற விஷயம்! இங்கே 'காப்பாத்தறேன்'னு சொன்னா, யாரோ ஒருத்தர் குழம்பைத்தான் காசு கொடுத்து வாங்கணும்.

இதையெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கேனே... முக்கியமான விஷயத்துக்கு வர பயமா இருக்கு. வந்துடறேன்.

எதிர்வீட்டுல ஒரு பெரியம்மா. சொந்தம் இல்லை, ஆனா சின்ன வயசிலேருந்து பெரியம்மாதான். தனி ஆள். பன்னெண்டு நாட்டுக்கோழி வெச்சிருந்தாங்க, அதுல ஒண்ணு கருஞ்சிவப்புச் சேவல். "கோயிதான் எனக்கு ஏ.டி.எம்."னு சொல்வாங்க. கேஸ் வாங்கணும்னா ஒரு கோழி. பேரனுக்கு ஸ்கூல் ஷூன்னா ஒரு கோழி. சேவலை ஆடி மாசத்துக்குன்னு வளர்த்தாங்க. கோயில்ல கூழ் ஊத்துற சமயத்துல சேவலுக்கு நல்ல விலை வரும். அந்தக் கோழிங்க எங்க வீட்டுப் பின்பக்கம் வந்துதான் மேயும். எங்க கிண்ணத்துல தீவனம் இருக்குன்னு தெரிஞ்சதும் தினமும் ஆஜர். நானும் விரட்டலை. 'வோல்ட், ஆம்பியருக்கு ஃப்ரெண்ட்ஸ் கிடைச்சாச்சு'ன்னு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சேன்!

மூணாவது வாரம் வாட் செத்துப்போனா. வயிறு உப்பி, நடக்க முடியாம ரெண்டு நாள் கிடந்தா. முட்டைப் பை பழுத்து வயித்துக்குள்ளேயே முட்டை உடைஞ்சு போறது இந்த வகைக் கோழிகளுக்கு அடிக்கடி வர்றதுன்னு அப்புறம் தெரிஞ்சுக்கிட்டேன். முருங்கை மரத்தடியில் புதைச்சேன். அழுதேன். அதுக்கு அடுத்த நாள், பெரியம்மாவோட கோழி ஒண்ணு தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னுச்சு. பச்சையும் வெள்ளையுமா கழிச்சல். மறுநாள் மூணு. அதுல ஒண்ணுக்குக் கழுத்து முறுக்கிக்கிட்டு, தலை முதுகுப் பக்கம் திரும்பிடுச்சு. ஒரே வாரம்... பன்னெண்டுல ஒன்பது போயிடுச்சு. சேவலும்.

எங்க வீட்டு மூணு லெக்கானும் எதுவுமே நடக்காத மாதிரி மண்ணு குளிச்சுக்கிட்டிருந்துச்சு.

பெரியம்மா சேவலைக் கையில தொங்கவிட்டுக்கிட்டு எங்க வாசல்ல வந்து நின்னாங்க. தெருவே வேடிக்கை பார்த்துச்சு. "நூறு ரூபா பெறாத பண்ணைக் கோயிய கொண்ணாந்து வெச்சுக்கினு... எங்கோயி எல்லாத்தயும் கொன்னுட்டியேடி! படிச்சவதானே நீ?"

அந்தக் கடைசி வார்த்தைதான். படிச்சவதானே நீ.

அம்மா ஏதோ பதில் பேச ஆரம்பிச்சாங்க. ஆயா அம்மாவை உள்ளே இழுத்துட்டுப் போயிடுச்சு. நான் நின்னேன். என்ன சொல்றது?

அதுக்குள்ளே யாரோ 'பறவைக் காய்ச்சல்'னு கிளப்பிவிட, தெருவுல ரெண்டு நாள் ஒரே களேபரம். கவர்மென்ட் கால்நடை மருந்தகத்துக்கு ஓடினேன். டாக்டர் வந்து பார்த்தார். வெள்ளைக் கழிச்சல்னு சொன்னார். இங்கிலாந்துல நியூகாசில் நோய், நம்ம நாட்டுல இமயமலைப் பக்கத்து ஊர்ப் பேரில் ராணிக்கெட். நாட்டுக்கோழியைக் கொத்துக் கொத்தாக் காலி பண்றது இதுதானாம். வந்துட்டா மருந்து கிடையாது. முன்னாடியே தடுப்பூசி போடறது மட்டும்தான் வழி. செத்ததையெல்லாம் ஆழமாக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொன்னார். குழி தோண்டினது நான்தான். பெரியம்மா திண்ணையில உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தாங்க, ஒரு வார்த்தை பேசலை.

டாக்டரைத் தனியாக் கேட்டேன். "சார், எங்க கோழியாலதானா?"

"சொல்ல முடியாதும்மா. காக்காயால வரும், செருப்பு மண்ணுல வரும், சந்தையில வாங்கிட்டு வந்த கோழியால வரும். ஆனா ஒண்ணு... பண்ணைக் கோழிக்கு வரிசையா தடுப்பூசி போட்டிருப்பாங்க. அதனால நோய் வெளியில தெரியாது, ஆனா கிருமி அதுக்குள்ள இருக்கலாம், எச்சத்துல வெளிய வரலாம். டெம்போவுல பத்துப் பண்ணைக் கோழி ஒண்ணா வருது. புதுசா எந்தக் கோழி வந்தாலும் மூணு வாரமாவது தனியா, தள்ளி வெச்சிருக்கணும். தீவனப் பாத்திரம், தண்ணி, செருப்பு எல்லாமே தனி."

இல்லைன்னு சொல்லிடுவார்னு எதிர்பார்த்துதான் கேட்டிருக்கேன்னு அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. சொட்டு நீர் பாட்டில் செஞ்சேன், ஏ4 ஷீட்டில் கணக்குப் போட்டேன், இங்கிலாந்து டிரஸ்ட் வரைக்கும் தேடிப் படிச்சேன். எதிர்வீட்டுல பன்னெண்டு கோழி இருக்கே, அதுக்குத் தடுப்பூசி போட்டிருக்கான்னு ரோட்டைத் தாண்டிப் போய் ஒரு வார்த்தை கேட்கலை.

வருஷா வருஷம் பிப்ரவரியில் கால்நடைத் துறை இலவசமா கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் போடுது. எங்க தெருவுக்கு அந்த முகாம் வந்தது, பெரியம்மா கோழிங்க செத்துப் பத்து நாள் கழிச்சு. அன்னைக்கு நான் காலேஜுக்கு லீவு போட்டேன். ஊசி போட வந்தவர்கூட வீடு வீடாப் போனேன். கோழி பிடிச்சுக் கொடுக்கறது, இறக்கையை விரிச்சுக் காட்டறது, நோட்டுல எழுதறதுன்னு எல்லாமே நான்தான். எங்க தெருவுல மட்டும் எழுபத்திச் சொச்சம் கோழி. கையெல்லாம் பிராண்டல். பெரியம்மா வீட்டுல மிச்சம் இருந்த மூணுக்கும் போட்டோம். கோழியைப் பிடிச்சு என் கையில கொடுத்தாங்க. முகத்தைப் பார்க்கலை.

இந்தப் பத்திரிகையில் மாணவ நிருபரா சேர்ந்து எழுதினதுக்கு எனக்கு முதல்ல வந்த பணம் 1,500 ரூபாய். ஹெட்போன் வாங்கணும்னு நினைச்சிருந்தேன். பெரியம்மாகிட்ட கொண்டுபோய் நீட்டினேன். வாங்கலை. ஆயாவைக் கூட்டிட்டுப் போய் மறுபடி நீட்டினேன்.

"காசு இன்னாத்துக்கு எனக்கு? ரெண்டு நாளுல செலவாயிடும். கோயி வாங்கிக் குடு."

விசாரிச்சு, தடுப்பூசி போட்டு வளர்க்கற ஒரு வீட்டுலேருந்து முட்டைக்கு வர்ற பருவத்துல நாலு நாட்டுப் பெட்டை வாங்கினேன். ஆயிரத்து நானூறு ஆச்சு. மூணு வாரம் எங்க மாடிப்படிக்குக் கீழே தனியா வெச்சு, அப்புறம்தான் ரோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியம்மா ஒவ்வொண்ணையும் கண்ணு, கொண்டை, கால்னு தூக்கிப் பார்த்தாங்க. "ம்... பரவால்ல. இன்னும் அஞ்சு."

நான் மறந்துடுவேன்னு நினைச்சாங்களோ என்னவோ, சுவத்துல கரிக்கட்டையால அஞ்சு கோடு போட்டு வெச்சிருக்காங்க!

அதுக்கப்புறம் மூணு கொடுத்தாச்சு. மூணு கோடு அழிச்சாச்சு. இப்போ பேசறாங்க. முன்ன மாதிரி இல்லை, ஆனா பேசறாங்க. ஓம் எப்பவாவது தப்பி ரோட்டைத் தாண்டிப் போனா, "ஏய், உன் கரென்ட்டு கோயி வந்திருக்கு பாரு"ன்னு குரல் வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி அந்த ஸ்பீக்கர் சத்தம். 'லெக்கான் கோழி... லெக்கான் கோழி...' நான் வாசல்ல நின்னேன். நகரலை. டெம்போ அண்ணன் என்னைப் பார்த்துட்டு வண்டியை நிறுத்திட்டார். ஆயா திண்ணையிலேருந்து என்னையே பார்க்குது. கம்பிக்குள்ளேருந்து ஒண்ணு தலையை நீட்டி, வண்டிக் கம்பியில் வழியற தண்ணிச் சொட்டைக் கொத்திக்கிட்டிருந்துச்சு.

எதிர்த் திண்ணையிலேருந்து சத்தம் வந்துச்சு. "வாங்கறதுன்னா வாங்குடி. இருவத்தோரு நாளு உங்கூட்டு பாத்ரூம்லயே வெச்சுக்கோ. வெளிய வுட்டே... மவளே, கால ஒடச்சுடுவேன்!"

ரெண்டு வாங்கினேன். நூத்தி எழுபது ரூபாய். ஹென்றி, ஃபாரட்னு பேர். இன்னையோட ஆறாவது நாள். பின்பக்க பாத்ரூமில் இருக்காங்க, தனிச் செருப்பு, தனிப் பாத்திரம், சொட்டு பாட்டில் சகிதம். அம்மா குளிக்க இடம் இல்லாம பக்கத்து வீட்டுக்குப் போயிட்டு வந்து தினமும் என்னைத் திட்டறாங்க.

சுவத்துல இன்னும் ரெண்டு கோடு பாக்கி. இந்தக் கட்டுரைக்கு வர்ற பணம் அதுக்குத்தான்... எடிட்டர் சார், கொஞ்சம் சீக்கிரம் அனுப்பிடுங்க!